கேட்ச் பிடித்த பிறகுதான் ஓட வேண்டும்

சாஃப்ட்பாலில் எனக்கு ஆகவே ஆகாத விதி ஒன்று உண்டு. அடித்த பந்து உயரப் போனால், பேஸில் நிற்பவள் அங்கேயே காத்திருக்க வேண்டும். ஃபீல்டர் கேட்ச் பிடித்த பிறகுதான் அடுத்த பேஸுக்கு ஓடலாம். முந்திக் கிளம்பினால் அவுட். இதுவரை நியாயம்தான். ஆனால் அவள் முந்தியதை அம்பயர் தானாகச் சொல்ல மாட்டார். எதிரணியில் ஒருத்தி பந்தோடு போய் அந்தப் பேஸை மிதித்துக் கேட்க வேண்டும். அதற்குள் பிட்சர் அடுத்த பந்தை வீசிவிட்டால் கேட்கிற உரிமையும் போச்சு. எடுத்த ரன் எடுத்ததுதான்.

இது எனக்குத் தெரிய வந்தது திருப்பதி மைதானத்தில், எல்லாம் முடிந்த பிறகு.

அப்போது நான் இன்டர் கடைசி வருஷம், அதாவது பிளஸ் டூ. நகரியில் பவர்லூம் ஓட்டும் அப்பா, எனக்கு நைனா, முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஸ்டேட்டுக்குப் போனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல திருப்பதி காலேஜில சேரு. இல்லன்னா ஸ்ரீசிட்டி கம்பெனியில வேலைக்குச் சேந்து பஸ்சு ஏறிடு. சும்மா பந்தத் தூக்கிக்கினு திரியாத." திருப்பதியில் அன்றைய ஆட்டத்தில் ஜெயிக்கும் அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும். டிரில் டீச்சர் ஆவதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை.

கடைசி இன்னிங்ஸில் இரண்டு அணியும் சமம். முதலில் எதிரணி பேட்டிங். அவர்களில் ஒருத்தி அவுட்டாகியிருந்தாள், இன்னொருத்தி மூன்றாம் பேஸில் நின்றாள். பந்து உயரமாக சென்டர் பக்கம் போனது. லெஃப்ட் ஃபீல்டில் இருந்த எனக்கு நேர் எதிரே மூன்றாம் பேஸ். பந்து எங்கள் ஃபீல்டர் கையில் விழும் முன்பே அங்கே நின்றவள் ஓடிவிட்டாள். என் கண்ணால் பார்த்தேன். ஹோமுக்கு எறிந்த பந்து போய்ச் சேர்வதற்குள் அவள் ரன் எடுத்துவிட்டாள்.

எங்கள் தெருவில் எல்லோரும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் எந்த மூலையில் நிற்பவனும் கையைத் தூக்கிக் கத்தலாம். நானும் நின்ற இடத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கி, "அவுட் சார், அவுட்டு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்பயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பிட்சர் ரன் போன கடுப்பில் அடுத்த பந்தை வீசினாள். பிறகு எங்கள் பேட்டிங்கில் ஒன்றும் எடுக்க முடியாமல் அந்த ஒரு ரன்னில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் நேராக அம்பயரிடம் போய், அவள் முந்தியதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "சூசானம்மா" என்றார் தெலுங்கில், பார்த்தேனம்மா என்று. ஆமாம், பார்த்திருக்கிறார். பந்தை மூன்றாம் பேஸுக்குக் கொண்டுபோய்க் கேட்டிருந்தால் அவுட் கொடுத்திருப்பாராம். கேட்காமல் அவராகச் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடுமாம். நான் கத்தினேனே என்றேன். கத்துவது கேட்பதாகாது என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கோர் எழுதியவர் பந்தை அடித்தவளுக்கு 'சாக்ரிஃபைஸ் ஃப்ளை' என்று போட்டு, ரன் கொண்டுவந்த பெருமையையும் அவளுக்கே எழுதியிருந்தார். சாக்ரிஃபைஸ் என்றால் தியாகமாம். யார் செய்த தியாகமோ.

ஆட்டம் பார்க்க வந்திருந்த நைனாவோடு பஸ் ஏறினேன். புத்தூர் தாண்டி நகரி வரும்வரை அழுதேன். அவர் வேர்க்கடலை வாங்கி மடியில் வைத்தார். நான் தொடவில்லை. பரீட்சை முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். இன்றும் அதே பஸ்தான், செல்போனுக்குப் பாகம் பொருத்தும் அதே வேலைதான். ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். பிடித்துச் செய்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு தின்றுகொண்டிருந்த நைனா பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னிக்கி பஸ்சுல, இன்னொரு வருசம் ஆடிப் பாக்கறேன்னு நீ கேப்பன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"வழியெல்லாம் அழுதுக்கினு வந்தேனே நைனா. உனக்குத் தெரியலியா?"

"தெரியாம என்னா. பாத்துக்கினுதான் வந்தேன்," என்றார். "நீ கேக்கலியே."