குடிப்பீங்களா என்று கேட்ட குரல்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு மத்தியான நேரத்தில் ஆந்திராவில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பவர்லூம் தறிச் சத்தத்தில் போன் அடித்ததே முதலில் காதில் விழவில்லை.

எனக்கு இருக்கும் சர்க்கரை நோய் கொஞ்சம் அபூர்வமானது. கணையத்தில் கல் சேர்ந்ததால் வந்தது. திருப்பதி டாக்டர் சொல்லும்வரை அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கணையம் கெட்டுப்போனால் குடிப்பழக்கம்தான் காரணம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, எனக்குப் 'பழக்கம்' உண்டா என்று விசாரித்தார். நான் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என்னைக் கேட்கவில்லை.

என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் மருத்துவக் காப்பீடு தேடினோம். இரண்டு கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. மூன்றாவது கம்பெனியின் ஏஜென்ட், கல்லைப் பற்றி மூச்சே விடாதீர்கள், வெறும் சுகர் என்று சொன்னால் போதும் என்றார். அப்போதே அந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம். விண்ணப்பத்தில் ஒன்று விடாமல் எழுதச் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் வந்த போன்தான் அது. கம்பெனி டாக்டர் பேசுகிறேன் என்று தெலுங்கில் ஒரு பெண் குரல். கல் எப்போது தெரிந்தது என்று கேட்டதும் எனக்குத் திக்கென்றது. கல் விஷயம் தெரிந்த ஏஜென்ட்தான் என் விவரத்தை யாருக்கோ விற்றுவிட்டான் என்றே நினைத்தேன். அடுத்த கேள்வி, குடிப்பீர்களா, எவ்வளவு காலமாக என்று! வந்த ஆத்திரத்தில் கண்டபடி திட்டிவிட்டு போனை வைத்தேன்.

"ஃபிராடு கும்பலு. இப்டியே பேசிக்கினே இருந்து ஓடிபி கேப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

மறுபடியும் அதே நம்பர். எடுக்கவில்லை. விடாமல் அடிக்கவே, திட்டுவதற்காகவே எடுத்தேன். இந்த முறை தமிழில் பேசினார்.

"என்னை நம்பாதீங்கம்மா. கம்பெனி பேப்பர்ல இருக்கிற நம்பருக்கு நீங்களே போன் பண்ணி விசாரிங்க. அப்புறம் பேசலாம்."

இதுவும் ஒரு தந்திரமோ என்றுதான் தோன்றியது. இருந்தாலும் விசாரித்தேன். நிஜமாகவே கம்பெனி டாக்டர்தான்.

சாயந்திரம் அவரே கூப்பிட்டார். "நாளைக்கு நீங்க ஆபரேஷனுக்குப் படுத்திருக்கும்போது, குடிச்சுதான் கல்லு வந்துச்சுன்னு யாராவது சொல்லி பணத்தை நிறுத்திடக்கூடாது. இப்பவே உங்க வாயால சொல்லிடுங்க. ரெக்கார்டு ஆவுது."

"ஒரு சொட்டுகூட தொட்டதில்ல மேடம்" என்றேன். மறுகேள்வி கேட்காமல் அதை அப்படியே பதிந்துகொண்டார்.

பாலிசி வந்துவிட்டது, கணையத்துக்கு மட்டும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கம்பெனியை இன்றைக்கும் நான் முழுதாக நம்புவதில்லை. அவர்கள் அனுப்பும் காகிதத்தில் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறேன். ஆனால் அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடமே நேராகக் கேட்டு, நான் சொன்ன பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டவர், தன்னை நம்பாதே என்று சொன்ன அந்த ஒருவர்தான்.