பதினோராவது குற்றி

நூல் பிடிக்காத வேலையை என் கண்ணில் காட்டக்கூடாது. சுவரோ குற்றியோ, ஒரு விரல் விலகினாலும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிடுவேன். சுனாமி என்று கடல் அடித்ததற்கு அடுத்த வருடம், பனிச்சங்கேணியில் வாவிக்கரைக் காணி ஒன்றுக்கு அணை கட்டப் போனபோதும் அப்படித்தான். அலை கரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வெளிநாட்டிலிருந்த காணிக்காரருக்கு மண் கரையாமல் ஒரு தடுப்பும், தோணி கட்ட ஒரு துறையும் வேண்டியிருந்தது.

பனைமரத்தில் வெட்டிய நீளக் குற்றிகளை வரிசையாகத் தண்ணீருக்குள் இறக்கி, பின்னால் பலகை அடித்து, கல்லும் மண்ணும் நிரப்புவோம். குற்றியின் அடியை வாவிக்குள் நிற்கிற ஒருவர் இரண்டு காலாலும் கவ்விப் பிடிக்க வேண்டும். நாங்கள் கப்பியில் இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிக் குற்றியின் தலையில் விடுவோம். முதல் பத்துக் குத்து வரைக்கும் அவர் பிடியை விடக்கூடாது. அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. சனம் வாவி மீனைக்கூட வாங்காத காலம் அது. ஏன் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அந்த ஊர்த் தம்பி ஒருவர் மட்டும் தானாகக் கேட்டு வந்தார். அவருடைய மனைவியை அலை கொண்டுபோய், உடல் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்குச் சொந்தக்காரர்கள் கூடியபோது, "ஆருக்குச் செய்யப் போறீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஒவ்வொரு குற்றிக்கும் முன்னால் அடிச்சேற்றைக் காலால் நெடுநேரம் துழாவுவார். எதைத் தேடுகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவர்மேல் இரக்கமும் இருந்தது, நேரம் போகிறதே என்ற எரிச்சலும் இருந்தது.

பதினோராவது குற்றியை இறக்கிய மறுநாள் காலை வந்து பார்த்தால், அது ஒரு சாண் மேலே நின்றது. இளகிய சேற்றில் குற்றி எழும்புவது உண்டுதான். திரும்ப அடித்தோம். அடுத்த காலையும் அதே ஒரு சாண். மற்றப் பத்தும் அசையவில்லை. கூலியாட்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சோறு தின்னப் பயந்தார்கள். காற்றே இல்லாத நேரத்திலும் அந்தக் குற்றியைச் சுற்றி மட்டும் தண்ணீர் மெல்ல அலம்பிக்கொண்டிருந்தது. எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் குற்றியைப் பிடுங்கிப் புதிதாக இறக்கச் சொன்னேன். தம்பி குழியைப் பார்க்க முங்கினார். மூச்சுப் பிடிக்கிற நேரத்துக்கும் மேலாக உள்ளேயே இருந்தார். வெளியே வந்த முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணே, இத ரெண்டடி தள்ளிப் போடுவமா?"

"ஏன், கீழ கல்லா?"

"இல்ல."

"மறுகா என்ன விசர்க்கதை? நூல் வளைஞ்சிடும். புடிச்சா புடி, இல்லாட்டிக் கரைக்கு ஏறு."

தம்பி கரைக்கு ஏறவில்லை. குற்றியைக் காலால் கவ்விக்கொண்டார். பத்துக் குத்து, இருபது குத்து, அன்றைக்கு அவர் பிடியை விடவேயில்லை. குற்றியின் தலை சாய்ந்தது. ஏசிக்கொண்டே கயிறு போட்டு இழுத்து, நூலுக்குக் கொண்டுவந்து பலகை அடித்தேன். அதற்குப் பிறகு அது எழும்பவில்லை. "பாத்தீங்களா, ஏசினாத்தான் கேக்கும்" என்று பகிடி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்தப் பக்கம் சண்டை வந்து சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகு காணிக்காரர் திரும்பவும் கூப்பிட்டார். அணை ஓரிடத்தில் வயிறு தள்ளி நிற்கிறதாம். போய்ப் பார்த்தால் பதினோராவது குற்றி. ஊர் திரும்பியிருந்த தம்பியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, பின்மண்ணைத் தோண்டினோம். தலை நூலில் நின்றது. அடி ஒரு முழம் விலகிக் கிடந்தது.

"அடியப் புடிச்சது நீதானே? உனக்குக் கண் எங்க இருந்தது?" என்று பாய்ந்தேன்.

"நான்தான் தள்ளி வெச்சனான், அண்ணே" என்றார். "குழிக்குள்ள அவள் கிடந்தவள். கையில தாலிக்கொடி தட்டுப்பட்டது. நான் கட்டினது எனக்குத் தெரியாதா?"

கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தேன். அவளுக்கு மேலேதான் இரண்டு தரம் குண்டைப் போட்டுப் போட்டு அடித்திருக்கிறேன். "என்னட்டச் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்று கேட்டேன்.

"சொன்னா எடுத்திருப்பீங்க. எடுத்தா அவள் செத்தவள் எண்டு ஆகிடும். அண்டைக்கு எனக்கு அது ஏலாமக் கிடந்தது." தோண்டிய மண்ணைக் கையால் அளைந்துகொண்டே சொன்னார்: "மறுகா ஷெல் அடிக்கக்குள்ள நான் ஓடிட்டன். அவளத் தனிய விட்டுட்டு ஓடிட்டன், அண்ணே. முகாமில ஒரு நாளும் நித்திரை இல்ல."

ஊர் அலுவலரான விதானையாருக்கும் பொலிசுக்கும் ஆள் அனுப்பினோம். அவர்கள் வந்து கரையில் நிற்க, குற்றியைக் கப்பியில் கட்டித் தூக்கினோம். அத்தனை வருடத் தொழிலில் வாவிக்குள் இறங்காத நான் அன்றைக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தம்பி மண்டியிட்டு இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டார். தூங்குகிறவளைத் தட்டி எழுப்புகிற குரலில் பேசினார்.

"எழும்பு புள்ள. விடிஞ்சிட்டு. வீட்ட போவம்."

பக்கத்தில் நானும் சேற்றுக்குள் கையை விட்டேன்.