காராமணி ஏன் குழைந்தது?

திருப்புளியக்காவுக்கு ஒரு பொருள் ஓடினால் மட்டும் போதாது; அது ஏன் ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த மிக்ஸியை ஒரே வாரத்தில் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டவர் அவர். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மிக்ஸி மறுபடி ஓடியது, ஆனால் ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. இது எங்கே போக வேண்டியது என்ற யோசனையில்தான் அவருடைய தொழிலே ஆரம்பமானது. இப்போது வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருவில் எந்த மிக்ஸி முனகினாலும் எந்த மின்விசிறி மக்கர் பண்ணினாலும் அங்கேதான் வரும். எப்போதும் கையில் திருப்புளி இருப்பதால் எல்லோருக்கும் அவர் திருப்புளியக்காதான்; அப்பா அம்மா வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். காதுதான் அவருக்கு முதல் கருவி, திருப்புளியெல்லாம் அதற்கப்புறம்தான்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கிண்ணம் காராமணி தண்ணி காட்டியது.

கணவர் நகரப் பேருந்தில் கண்டக்டர். காராமணி என்றால் அவருக்கு உயிர். அதனால் அந்த வீட்டில் அடிக்கடி அதுதான். முதல் நாளே திருப்புளியக்கா தட்டில் பரப்பி, கல்லையும் ஓட்டை விழுந்ததையும் பொறுக்கிப் போட்டு, அலசி, மிதப்பதை ஒதுக்கிவிட்டு ஊறப் போடுவார். ஊறும்போது முதலில் தோல்தான் சுருங்கும். பிறகு உள்ளே இருப்பது பருத்து அந்தச் சுருக்கத்தை நிமிர்த்தும். தோலுக்கு ஏன் இந்த அவசரம் என்று யோசித்தபடி கிண்ணத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததும் உண்டு. காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரை ஏற்றிவிட்டு, முன்னறைக்கு வந்து வேலையைப் பார்ப்பார். மூன்று விசில் வந்ததும் போய் அணைப்பார். பயறு ஒவ்வொன்றும் முழுசாக நிற்கும், இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்கும். வதக்கிய வெங்காயத்தையும் உப்பையும் போட்டுக் கிளறினால் சாப்பாடு தயார்.

கொஞ்ச காலமாக அது முழுசாக நிற்கவில்லை. மூடியைத் திறந்தால் வெறும் பசை.

"என்னம்மா, இன்னிக்கும் போஸ்டர் ஒட்டப் போறோமா?" என்றார் கண்டக்டர், கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தபடி. கரண்டியிலிருந்து எதுவும் விழவில்லை.

திருப்புளியக்கா நேரே மளிகைக் கடைக்குப் போனார்.

"அண்ணே, இது எந்தக் காலத்துப் பயறு?"

"பழைய பயறுன்னா வேகாதுக்கா," என்றார் கடைக்காரர். "உங்களுக்கு வெந்து தொலையுது. அதுக்கும் என்னையே பிடிச்சா எப்படி?"

அதில் நியாயம் இருந்ததால் அவர் திரும்பி வந்தார். ஊறும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தார். தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார். குக்கரின் ரப்பர் வளையத்தை மாற்றினார். அடுப்பின் பர்னரைக் கழற்றிக் குண்டூசியால் குத்திச் சுத்தம் செய்தார். ஊஹூம். சில நாள் ஒழுங்காக வந்தது, பல நாள் குழைந்தது. இப்படி முன்னுக்குப் பின் முரணாக நடந்துகொள்ளும் இயந்திரத்தை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: கண்டக்டர் லீவில் வீட்டிலிருக்கும் நாளில் மட்டும் காராமணி குழைவதில்லை.

"என்னைக் கண்டா பயறுக்குக்கூட ஒரு மரியாதை," என்றார் கண்டக்டர்.

அவர் சிரித்தார். திருப்புளியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் விஷயம் மண்டைக்குள் புழுவாகக் குடையத் தொடங்கியது.

பட்டறையிலும் அப்போது ஒரு தலைவலி. பின்தெரு டீச்சரம்மா, சரிபார்த்துக் கொடுத்த மிக்ஸியை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னும் கீச்சு கீச்சுன்னு கத்துதும்மா. பல்லு கூசுது."

திருப்புளியக்கா ஓடவிட்டார். தலையைச் சாய்த்தார். 'ம்ம்ம்' என்று சீராகத்தான் ஓடியது.

"நல்லாத்தானே ஓடுது டீச்சர்? கோளாறு மிக்ஸியிலயா, உங்க காதுலயா?"

டீச்சரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "சனிக்கிழமை வருவேன். சரி பண்ணி வைங்க. இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு மிக்ஸியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அவர் ஒருவர் மட்டும் என்றால் தள்ளிவிடலாம். அதற்கு முன்பும் ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்திருந்தார்கள். திருப்புளியக்காவுக்குக் கை போய்விட்டது என்று தெருவில் பேச்சு கிளம்பினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். 

போதாக்குறைக்குக் கண்டக்டர் வேறு. லீவு நாளில் பட்டறையில் வந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "இது கீச்சுங்குதே, கொஞ்சம் எண்ணெய் விடேன்," என்பார்.

"டிக்கெட் கிழிக்கற ஆளுக்கு பேரிங் பத்தி என்ன தெரியும்? மூக்கை நுழைக்காம கடலையைத் தின்னுங்க," என்பார் இவர். அவரும் தின்பார்.

கண்டக்டருக்கு அடுத்த லீவு நாள் வந்தது. திருப்புளியக்கா பட்டறையைத் திறக்கவில்லை. கழற்றிப் பூட்டிய மோட்டாரைச் சோதனை ஓட்டம் விடுவது போல, இன்று குக்கரைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண் கொட்டாமல் பார்த்துவிடுவது என்று முடிவு. அடுப்புக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கண்டக்டர் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

குக்கர் சூடானது. மூடியின் மேலிருந்த வெயிட் லேசாக ஆடியது. அப்புறம் எழும்பியது, ஆவி மேலே பீறிட்டது, 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். விசில் இல்லை! மறுபடி எழும்பியது. மறுபடி வெறும் புஸ். மூன்றாம் முறையும் அதே கதை. திருப்புளியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் ஆட்டம் காட்டிய திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்! அடுப்பை அணைத்துவிட்டுத் துள்ளி எழுந்து கொல்லைப் பக்கம் திரும்பினார்.

"ஏங்க! கண்டுபிடிச்சிட்டேன்! குக்கர் விசில் அடிக்கவே மாட்டேங்குது! வெறும் ஆவிதான் வருது. அதான் பட்டறையில இருந்து குத்துமதிப்பா வந்து அணைச்சு, எனக்குக் கணக்கு தப்பியிருக்கு!"

கண்டக்டர் அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டிருந்தார், தோளில் ஈரச் சட்டையோடு, அடுப்பை அணைக்க நீட்டிய கையோடு. கை அப்படியே நின்றது.

"அடிச்சுதும்மா," என்றார் மெதுவாக. "மூணு தடவை. எனக்குக் கொல்லையில கேட்டுச்சு."

திருப்புளியக்கா அவரையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். குக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது இவர்தான்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"வேலைக்குப் போறப்ப தெருமுனையில நின்னு விசில் ஊதுவேன், நீ கை தூக்குவே. கொஞ்ச நாளா நீ தூக்கறதில்ல. ஏதோ கோவமாக்கும்னு இருந்துட்டேன். பயறு குழைய ஆரம்பிச்சப்பதான் உறைச்சுது."

"அப்போ லீவு நாள்ல..."

"நீ வேலை மும்முரத்துல இருப்பே. நான்தான் வந்து அணைப்பேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பட்டறையை மூடிட்டு மூலையில உக்காந்துருவியோன்னு பயம்."

திருப்புளியக்கா அழுதார். பயமாக இருந்தது, அவர்மேல் கோபமாகவும் இருந்தது. டீச்சரம்மாவிடம் காதைப் பற்றிப் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து உடம்பே கூசியது. இத்தனைக்கும் நடுவில், லீவு நாள் மர்மம் தீர்ந்ததே என்று ஓர் ஓரத்தில் நிம்மதியும் எட்டிப்பார்த்தது. அந்தப் புத்தி அவரை விட்டு எங்கே போகும்?

மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்க விசிலை எடுத்துட்டு வாங்க."

கண்டக்டர் பக்கத்தில் நின்று ஊதினார். எங்கோ தூரத்தில் ஊதுவது போலிருந்தது. "கொல்லைக்குப் போய் ஊதுங்க." கண்டக்டரின் கன்னம் உப்பியது, மதில்மேல் இருந்த காக்கைகள் பறந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. "இன்னும் பலமா." அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். பிறகு திருப்புளியக்கா டீச்சரம்மாவின் மிக்ஸியை ஓடவிட்டார். 'ம்ம்ம்' என்ற அடிச்சத்தம் பழையபடி நன்றாகவே கேட்டது. ஆக, போனது கீச்சென்ற மேல் சத்தம் மட்டும்.

காது டாக்டரும் அதையேதான் சொன்னார். வருஷக்கணக்காகப் பட்டறையின் மிக்ஸி இரைச்சலில் உட்கார்ந்ததன் பலன். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

சனிக்கிழமை டீச்சரம்மா வந்தார். கண்டக்டர் வேலைக்குப் போயிருந்தார். உள்ளே அடுப்பில் குக்கர் இருந்தது. நடுவில் எழுந்து எழுந்து பார்ப்பதாகத் திட்டம். டீச்சரம்மாவைக் கண்டதும் திட்டமெல்லாம் மறந்துபோயிற்று.  கண்டக்டரை வைத்துச் சோதித்து, எண்ணெய் விட்டுச் சமாளித்திருக்கலாம். ஆனால் எத்தனை நாளைக்கு?

"டீச்சர், அன்னிக்கு நான் பேசினது தப்பு. கோளாறு என் காதுலதான். அந்தக் கீச்சுச் சத்தம் எனக்கு விழறதில்ல. நீங்க பக்கத்துல இருந்து கேட்டுச் சொன்னா, இப்பவே சரி பண்ணிடறேன்."

டீச்சரம்மா மிக்ஸியை ஒரு பார்வை பார்த்தார், வாசலை ஒரு பார்வை பார்த்தார். எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறார் என்றே திருப்புளியக்கா நினைத்தார். ஆனால் டீச்சரம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, கண்டக்டர் கடலை உரிக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க, கேப்போம்."

ஓடவிட்டார்கள். "கத்துது." அடிப்பாகத்தைத் திறந்து எண்ணெய் விட்டார். "இன்னும் இருக்கு." பேரிங்கை மாற்றி, தண்டை விரலால் சுற்றிப் பார்த்து, மறுபடி பூட்டினார். டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"போயிடுச்சு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். உங்ககிட்ட எதுக்குப் பொய்?" டீச்சரம்மா கண்ணைத் திறந்து உள்பக்கம் திரும்பினார். "அடுப்புல என்ன இருக்கு?"

திருப்புளியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, காராமணி! மூணு விசிலுக்கு அணைக்கணும்..." என்று பதறி எழுந்தார்.

டீச்சரம்மா இரண்டு விரலைக் காட்டினார். "இன்னும் ஒண்ணு இருக்கு. உக்காருங்க, நான் சொல்றேன்."