ஏட்டய்யா தீர்த்துவைத்த பஸ் ஸ்டாப்

ஆறுச்சாமி ஏட்டைப் போல மரியாதை தெரிந்த போலீஸ்காரரைச் சூலூர்ப் பக்கம் நீங்கள் பார்த்திருக்க முடியாது. சாராயம் காய்ச்சியவனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றும்போதுகூட "பாத்து ஏறுங்க" என்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவருக்குக் கீழே கான்ஸ்டபிள். வாய்த்துடுக்கு என்று ஸ்டேஷனில் எனக்குப் பெயர். அவர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாதி வேலைக்காலம் முடிந்தும் யார் மேலும் கை வைக்காதவர். அப்பேர்ப்பட்ட மனிதரை அந்த மரியாதையே கவிழ்த்தது.

தொண்ணூற்றாறில் எங்கள் இரண்டு பேரையும் கோயமுத்தூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்து பாடம் எடுத்தார். ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரிப் புகார் திரும்பத் திரும்ப வந்தால், ஆளைப் பிடித்து அடைப்பதோடு விடாதீர்கள். ஏன் வருகிறது என்று பாருங்கள், பாதிக்கப்பட்டவர்களைக் கேளுங்கள், ஊரைக் கூட்டுச் சேர்த்துத் தீர்த்துவையுங்கள், தீர்ந்ததா என்று மறுபடி போய்ப் பாருங்கள் என்றார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் தூங்கி விழுந்தேன். ஏட்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். ஆளுக்கொரு பிரச்சினையை எடுத்துத் தீர்த்துவிட்டு வரச் சொல்லி எங்களை ஊருக்கு அனுப்பினார்கள்.

பிரச்சினை தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தது. பெயர் புவனா. நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் மிஷின் ஓட்டுகிற பெண். சாயங்கால ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்கும் இடத்தில், பாலத்துத் திட்டில் நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருப்பார்களாம். பாட்டுப் பாடுவதில் ஆரம்பித்து, இப்போது பின்னாலேயே வந்து தாவணியை இழுக்கிற அளவுக்குப் போய்விட்டதாம். மற்ற பெண்கள் பயந்து பேசாமல் இருக்க, இவள் மட்டும் துணிந்து வந்திருந்தாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுந்தபோது ஒன்று சொன்னாள்.

"ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாதீங்க ஏட்டய்யா. தெரிஞ்சா என்னைய வேலைக்கு உடமாட்டாங்க. எனக்கு அந்த வேலை வேணுமுங்க."

"நீ தைரியமாப் போ கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார் ஏட்டு. அவர் மனதில் கள்ளம் ஒன்றுமில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பாதிக்கப்பட்டவர்களைக் கேட்க வேண்டும் என்பது பாடம். ஆனால் எங்கள் பக்கத்தில் தகப்பன் இருக்கும்போது வயசுப்பெண்ணை நிறுத்தி வைத்து அன்னிய ஆம்பளை பேச மாட்டான். அப்படிப் பேசினால் அந்த வீட்டையே மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் ஏட்டு வீடு வீடாகப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பன்மாரையும் அண்ணன்மாரையும் பார்த்து, பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகளுக்குத் தொந்தரவு இருக்கிறது, எல்லோரும் சேர்ந்து ஒரு வழி பண்ணலாம் என்று பதமாகச் சொன்னார். புவனாவின் அப்பா செங்கோடனிடமும் சொன்னார். அவள் சொல்ல வேண்டாம் என்றது அவருக்கு மறக்கவில்லை. சின்னப்பெண் பயத்தில் சொல்கிறது, பெற்றவனுக்குத் தெரியாமல் இருப்பதா என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்து, "நாங்க பாத்துக்கறோமுங்க" என்று அனுப்பிவைத்தார்கள். ஊரே ஒத்துழைக்கிறது என்று ஏட்டு பூரித்துப்போனார்.

அதற்கப்புறம் புகாரே இல்லை. கோயமுத்தூரில் அவர் எழுந்து நின்று விவரம் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. தீர்ந்ததை நேரில் பார்க்கலாம் என்று வகுப்பு மொத்தத்தையும் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்.

பாலத்துத் திட்டில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து, "வணக்கமுங்க ஏட்டய்யா" என்று வேறு கும்பிட்டார்கள். மில் பஸ் வந்து நின்றது. வயசான அம்மாக்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். எங்களூர் வயசுப்பெண்களில் ஒருத்தியும் இல்லை. எங்கே என்று பேராசிரியை கேட்டார். இறங்கிய இருவரில் ஒருத்தியான ராசம்மாள்தான் வெகு இயல்பாகச் சொன்னாள்.

"அந்தப் புள்ளைகளெல்லாம் நின்னுபோச்சுங்களே. ஏட்டய்யா ஊடு ஊடா வந்து சொன்ன பொறகு யாரு அனுப்புவாங்க?"

ஏட்டின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பேராசிரியை கோபிக்கக்கூட இல்லை, "அந்தப் பொண்ணுங்ககிட்ட நீங்க கேக்கவே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தனை போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஏட்டு இல்லை என்று தலையாட்டினார். வேனில் திரும்பிப் போகும்போது யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நான்தான் உட்கார்ந்தேன். "அவமானமா இருக்குதப்பா" என்றார்.

மறுநாளே ஏட்டு பையன்களை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார். அவர் ஒருவனை 'டேய்' என்று கூப்பிட்டதை அன்றுதான் நான் கேட்டேன். திட்டு காலியானது. பிறகு செங்கோடன் வீட்டுக்குப் போய்ப் பெண்ணை வேலைக்கு அனுப்பச் சொல்லி மன்றாடினார். பேர் கெடுவதற்குள் நல்ல இடமாக முடித்துவிட்டோம் என்று செங்கோடன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். புவனா உள்ளே ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாளாம். ராட்டை நின்ற சத்தம் தனக்குக் கேட்டது என்றார்.

கல்யாணத்துக்குச் செங்கோடன் வெற்றிலை பாக்கோடு ஸ்டேஷனுக்கே வந்து அழைத்தார். காலத்தில் எச்சரித்து எங்கள் மானத்தைக் காப்பாற்றினீர்கள், நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றார். ஏட்டு போகமாட்டேன் என்று என்னிடம் சொன்னார். வீடு தேடி வந்து அழைத்தவர் வார்த்தையைத் தட்ட அவருக்குத் தெரியாது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

தாலி கட்டி முடிந்ததும் செங்கோடன் மகளைக் கூட்டி வந்து, ஏட்டய்யா காலில் விழுந்து கும்பிடச் சொன்னார். "வேண்டாங் கண்ணு, வேண்டாம்" என்று இவர் பின்னால் நகர்ந்தார். நாற்காலி இடித்தது. அவள் விழுந்து எழுந்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் அப்பாவுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"எம் மிஷினுக்கு வேற ஆளு போட்டுட்டாங்களாங்க ஏட்டய்யா?"

போட்டுவிட்டார்கள். மில்லுக்கே போய் விசாரித்துவிட்டு வந்தவர் அவர்.

"தெரியலையே கண்ணு" என்றார். பிறகு பந்திக்குக் கூப்பிட்டார்கள். இலையில் பரிமாறியது அப்படியே இருக்க, பக்கத்து இலைக்காரர் எழும்வரை மரியாதைக்காகக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.