மில் சுவரை இடித்த தலைவரம்மா

"கடப்பாரையை இங்க குடு" என்று நீட்டிய அந்தக் கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. நூற்பாலையில் அறுந்த இழைகளை ஒட்டி ஒட்டி விரல்நுனி காய்த்துப்போன கைகள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்தை ஒட்டிய எங்கள் பேரூராட்சிக்கு அவர் தலைவரானபோது, நான் அந்த அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். பெண்களுக்கு ஒதுக்கிய பதவி; பெரிய வீட்டு மருமகள் யாராவதுதான் வருவார் என்று ஊர் நினைத்திருந்தது. செங்கொடிச் சங்கத்துக்காரரான இவர், மில் வேலைக்குப் போகும் பெண்களின் ஓட்டிலேயே ஜெயித்துவிட்டார். நாங்கள் தலைவரம்மா என்றே அழைத்தோம்.

தொழிலாளர் காலனிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு பொதுப்பாதை இருந்தது. தனியார் மில் ஒன்று குறுக்கே சுவர் எழுப்பி, அதைத் தன் பஞ்சுக் கிடங்கோடு சேர்த்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் கருவேலங்காட்டைச் சுற்றி நடக்க வேண்டியதாயிற்று. அங்கே ஒருத்தியின் கையை எவனோ பிடித்து இழுத்தான். கத்தித் தப்பி வந்த அவளை, வீட்டில் அதன்பிறகு வேலைக்கே அனுப்பவில்லை. தலைவரம்மா அவள் வீட்டிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். சுவரை அகற்றச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் போட்டார். நோட்டீசுக்கு மில்லிலிருந்து பதிலே இல்லை. இடிக்க எந்தக் காண்ட்ராக்டரும் வரவில்லை. எல்லாருக்கும் அந்த மில்லில் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் அவரே போனார். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

"மொதலாளி வரட்டும்மா, செத்த நேரம் பொறுங்க" என்றார் காவலாளி.

"எம்புட்டு நாளுய்யா பொறுக்க? தள்ளி நில்லுங்க, கல்லு ஒங்க கால்ல விழுந்திரப் போவுது."

முதல் அடியில் காரைதான் பெயர்ந்தது. பிறகு காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். மதியத்துக்குள் மாட்டுவண்டி போகுமளவுக்கு வழி திறந்துவிட்டது.

மில் போட்ட வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. மில் தரப்பு வக்கீல் வராந்தாவில் அவரை நிறுத்தி, "வருத்தப்படுதேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவிய வழக்க முடிச்சிருவாவ, ஒங்க பதவிக்கும் பங்கம் வராது" என்றார்.

"அந்தப் பிள்ளையக் கையப் பிடிச்சு இழுத்தான்லா, அதுக்குத்தான் வருத்தப்படுதேன். வேணும்னா அத எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நீதிபதி கேட்டபோதும் "இடிச்சது நான்தான்யா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

வழக்கு இழுத்து இழுத்து, பாதை பொதுப்பாதைதான் என்று தீர்ப்பானது. அதற்குள் அடுத்த தேர்தல் வந்து, மில்காரர்கள் நிறுத்திய ஆளிடம் அவர் தோற்றிருந்தார். அனுதாபம் சொல்லப் போனவர்களை அவர் வீட்டுக்குள்ளேயே விடவில்லை என்று கேள்விப்பட்டேன். சில நாளில் அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு வந்தார். அந்தப் பாதைக்குத் தெருவிளக்கு வேண்டுமாம். என்னையறியாமல் எழுந்து நின்றேன்.

"ஏட்டி, உக்காரு. நாற்காலிதான் போச்சு, நாக்கு போகல."

விளக்கு வரும்வரை அவர் வந்துகொண்டே இருந்தார். இன்று அவரும் இல்லை, அந்த மில்லும் இல்லை. விளக்கு பொருத்திய பிறகும் பாதைக்கு அவர் பெயரை யாரும் வைக்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தபின் கல்லூரி விட்டு வரும் பெண்கள் செல்போனில் பேசிச் சிரித்தபடி அதில் போகிறார்கள். ஒருத்தியும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.