முதல் இடத்தில் எதை எழுதுவது

அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி உச்சியில் மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டு, கிரீஸ் படாத சுண்டுவிரலால் போனைத் தள்ளித் தள்ளி, முகம் தெரியாத பிள்ளைகளுக்குப் பதில் எழுதுவார். கல்லூரிச் சேர்க்கைக்கென்று இணையத்தில் இருந்த ஒரு குழுவில் அவருக்கு ‘அட்மிஷன் மாமா’ என்று பெயர்.

பெயர் வந்தது மூத்த மகனால். மூன்று வருடங்களுக்கு முன்பு, வேண்டிய கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசையாக எழுதும் அவனுடைய பொது விண்ணப்பத்தில், நிச்சயமாகக் கிடைக்கும் என்று தோன்றிய கல்லூரியை முதல் இடத்தில் எழுதச் சொன்னார். கிடைத்தது. குழுவில் போட்டார். “ஆசைப்பட்டதை முதலில் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள்” என்ற அவருடைய வரி அன்றிலிருந்து வருடா வருடம் சுற்றிவந்தது. அந்தக் கல்லூரியை மூன்றாவதாக எழுதியிருந்தாலும் அவனுக்கு அதுதான் கிடைத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம் இளையவளின் முறை. அவளுக்குக் கால்நடை மருத்துவம்தான் வேண்டும். சிறுவயதிலிருந்தே தெருவில் நொண்டுகிற நாய் எதுவும் அவளிடம் தப்பியதில்லை. ஆனால் அவளுடைய மதிப்பெண், போன வருடம் அந்தப் படிப்பில் கடைசியாக இடம் பிடித்தவரின் மதிப்பெண்ணைவிட நாலு குறைவு.

“பக்கத்துக் கல்லூரி உயிரியலை முதல்ல போடு. அது நிச்சயம்” என்றார்.

“அது ரெண்டாவதா இருக்கட்டும்ப்பா. முதல்ல எழுதினது கிடைக்கலைன்னா அடுத்ததுக்குத்தானே போகும்? விண்ணப்பத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

“போட்டிருக்கறது அப்படித்தான் இருக்கும். உள்ளே நடக்கறது வேற. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், உனக்குத் தப்பாச் சொல்வேனா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அம்மா, “அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ஒதுங்கிக்கொண்டாள். உயிரியல் முதல் இடத்துக்கு ஏறியது.

முடிவு வந்தது. உயிரியல் கிடைத்திருந்தது. கூடவே கடைசி மதிப்பெண்களும் வந்தன. புதிதாக ஒரு கால்நடைக் கல்லூரி திறந்ததில் அந்த எல்லை இறங்கி, இவளுடைய மதிப்பெண்ணுக்கும் கீழே போயிருந்தது. இவள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அவள் சண்டை போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துணிகளையும் பிரித்து மடித்தாள். அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு வந்த மச்சினன் சும்மா இருக்கிற ஆளில்லை. “ஏன் மாமா, நாலாவது மாடிக்குப் போகணும்னு ஏறிட்டு ரெண்டாவது மாடி பட்டனை அழுத்தினா லிஃப்ட் என்ன பண்ணும்?”

“ரெண்டுல நிக்கும்.”

“நின்னுடுச்சு. லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்லை.”

“போதும்டா” என்று தம்பியை அடக்கினாள் அம்மா.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கால்நடைக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“விருப்பப்படி வரிசையா எழுதுங்கன்னு முதல் பக்கத்துலயே இருக்கே, படிக்கலையா?”

“படிச்சேன்.”

“அப்புறம்?”

“எங்க குழுவில எல்லாருக்கும் இப்படித்தான் கிடைச்சுது.”

“கிடைச்சவங்கதான் எழுதுவாங்க. கிடைக்காதவங்க இங்கே வந்து நிப்பாங்க” என்று அவருக்குப் பின்னால் இருந்த வரிசையைக் காட்டினாள். பிறகு வழியும் சொன்னாள். காலி இடங்களுக்கு இன்னொரு சுற்று உண்டு. அதில் சேர வேண்டுமானால் கையில் இருக்கும் இடம் வேண்டாமென்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காலி இடம் இருக்குமா என்றால் அவளுக்கே தெரியாது. போன வருடம் சில இருந்தன, அதற்கு முந்தின வருடம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து, கேட்டதை அப்படியே மகளிடம் ஒப்பித்தார். தன் கருத்தைச் சேர்க்கவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

“குழுவில என்ன சொல்றாங்க?” என்றாள் அவள். குரலில் முள் இருந்தது.

“கேக்கலை.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்குத் தெரியலைம்மா.”

“ரெண்டும் இல்லாமப் போச்சுன்னா ஒரு வருஷம் வீட்ல உட்காரணும்டீ” என்றாள் அம்மா.

“உட்கார்ந்துக்கறேன். மூணு வருஷம் வேண்டாததைப் படிக்கறதுக்கு இது மேல்.”

வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்தாள். அடுத்த பத்து நாள் வீட்டில் யாரும் யாருடனும் நிம்மதியாகப் பேசவில்லை. மச்சினன்கூட வாயைத் திறக்கவில்லை. பதினோராவது நாள் புதுக் கல்லூரியில் கடைசி இடங்களில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்து வெகு தூரம், விடுதியில் தங்க வேண்டும். முழுசாகக் கட்டி முடிக்காத விடுதி. அவள் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

நடந்ததை நடந்தபடி அவர் குழுவில் எழுதினார். தன் யோசனையால் இடம் போனது, மகள் துணிந்ததால் திரும்பி வந்தது, அதிலும் பாதி அதிர்ஷ்டம், மூத்தவன் விஷயத்தில் தன் யோசனைக்கு எந்த வேலையும் இல்லை, எல்லாம். “முதல் பக்கத்தைப் படியுங்கள், என்னை அல்ல” என்று முடித்தார்.

“யாரோ மாமாவோட கணக்குக்குள்ள புகுந்துட்டாங்க” என்று ஒருவன் எழுதினான். சாயங்காலத்துக்குள் அந்த நீளப் பதிவு ஒற்றை வரியாகச் சுருங்கிச் சுற்ற ஆரம்பித்தது. “அட்மிஷன் மாமா ரகசியம்: கிடைத்த இடத்தை விட்டுவிடுங்கள், பெரியதாகக் கிடைக்கும்.”

மோட்டார் அறையில் இருந்தபோது போன் அடித்தது. முன்பின் தெரியாத ஒரு தகப்பன்.

“மாமா, என் பொண்ணுக்குக் கணக்குப் படிப்புல இடம் கிடைச்சிருக்கு. விட்டுடச் சொல்லவா?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணுக்கு என்ன வேணுமாம்?”

மறுமுனையில் போனைக் கையால் பொத்திக்கொண்டு அந்த ஆள் உள்பக்கம் கூப்பிடுவது லேசாகக் கேட்டது.

“ஏம்மா, கொஞ்சம் இங்கே வா.”