வலது நெஞ்சில் ஒரு நிழல்

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. மதுரையில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் ஒரு வருட வகுப்பை முடித்துவிட்டு, செய்முறைப் பயிற்சிக்காகச் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்கே வந்து சேர்ந்திருந்தேன். புகையிலைக் கிடங்குகள் இருந்த தெருவில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் எக்ஸ்ரே மெஷின், அதை ஒட்டி ஓர் இருட்டறை. ஆறு மாதம் அங்கே வேலை பார்க்க வேண்டும். எடுத்த படங்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி, ரெக்கார்டு நோட்டில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சைக்கே உட்கார முடியும்.

அந்த இருட்டறை எனக்குப் பைத்தியமாகப் பிடித்திருந்தது. ஒரே ஒரு சிவப்பு பல்பு. மருந்துத் தட்டில் பிலிமைப் போட்டதும் முதலில் ஒன்றும் இருக்காது. தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால், வெளுத்த பிலிம் சுற்றிலும் கருத்துக்கொண்டு வரும். நடுவில் விலா எலும்புகள் மட்டும் வெளுப்பாக மிதந்து நிற்கும். யாருடைய நெஞ்சோ, அவர்களே பார்த்திராத உள்பக்கம், என் கைக்குக் கீழே தண்ணீரில் எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நேரம் போவதே தெரியாது.

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசும். கால்மணி நேரத்துக்கு எதுவுமே நிஜமாகத் தோன்றாது. டீக்கடையில் கிளாஸைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தால், அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன எலும்புகளைத்தான் எண்ணத் தோன்றும். சாப்பிட உட்கார்ந்தால், இலையில் வெஞ்சனம் வைத்ததுகூடத் தெரியாமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துபோகிறான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் குறைபட்டுக்கொள்வார். உண்மைதான். அந்த நாட்களில் நான் பாதி தூக்கத்தில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். விவசாயக் குடும்பம். பெண்ணுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. அவர்கள் ஊரிலிருந்து அப்படிப் போகும் முதல் பெண் அவள்தான் என்று அந்த அம்மா பெருமையோடு சொன்னார். சேர்வதற்கு உடல்நலச் சான்றிதழ் வேண்டும். கொஞ்ச நாளாக இருமல் இருந்ததால், நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார்.

பெண்கள் வந்தால் உதவிக்கு ஓர் ஆயா இருப்பார். அன்றைக்கு அவர் சாப்பிடப் போயிருந்தார். செத்த நேரம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களுக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நல்ல அடர்த்தியான முடி. சடை இடுப்புக்குக் கீழே போயிருக்கும். பஸ்ஸில் வருவதற்காக அதை மடித்து மேலே தூக்கி ரிப்பன் வைத்துக் கட்டி, வலது தோள் வழியாக முன்பக்கம் போட்டிருந்தாள். பெண்களுக்கு நெஞ்சுப் படம் எடுக்கும்போது சடையைத் தூக்கி உச்சியில் கட்டச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு இரண்டாம் வாரத்துப் பாடம். அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த அறையில், ஒரு வயசுப் பெண்ணிடம், "சடையை எடுத்துக் கட்டுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்தவன் நான். ஒரு பெண்ணின் முடியைப் பற்றி அந்நிய ஆண் பேசுவதா என்று இருந்தது. பிலிம் பெட்டியில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னேன். அதையும் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். எவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

படம் அழகாக வந்தது. வலது நெஞ்சின் மேல்பகுதியில், காரை எலும்பை ஒட்டி, மேகம் போல ஒரு வெளுத்த நிழல். அந்த இடத்தில் அப்படி ஒரு நிழல் என்றால் என்ன என்பதும் எங்களுக்குப் பாடம்தான்.

டாக்டர் ஈரப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டி.பி.யாக இருக்கலாம், சளிப் பரிசோதனை செய்யுங்கள், மாத்திரை எழுதித் தருகிறேன், மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு படம் எடுக்கலாம், அதுவரை சான்றிதழ் கிடையாது என்றார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன். படம் எடுத்தவன் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லவில்லை.

டி.பி. என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் காலத்தில் அந்த நோயின் பெயர் ஒரு வீட்டுக்குள் போனால், அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பெண் அழவில்லை. இன்னும் நாலு வாரத்துக்குள் பள்ளியில் சேர வேண்டும், அதற்குள் சரியாகிவிடுமா என்று மட்டும் கேட்டாள். டாக்டர் அடுத்தவரின் சீட்டைக் கையில் எடுத்தார். தாயும் மகளும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போவதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அதே கையோடு அந்தப் படத்தைப் பார்த்து வரைந்து, வலது நுரையீரல் உச்சியில் பாதிப்பு என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நோட்டிலேயே நன்றாக அமைந்த பக்கம் அதுதான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பெண்ணின் தலை மொட்டையாக இருந்தது. பூசியிருந்த சந்தனம் காய்ந்து திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது. முந்தின நாள் பழனிக்குப் போய் முடி இறக்கிவிட்டு நேராக வருகிறார்களாம். டாக்டர் சொன்ன அன்றைக்கே அந்த அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாராம். இருமல் போய்விட்டது, சளியிலும் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலைக்குள் சான்றிதழோடு போய்ச் சேராவிட்டால், இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

இந்த முறை ஆயா இருந்தார். படம் எடுத்தேன். இருட்டறையில் பிலிமை மருந்தில் போட்டேன். விலா எலும்புகள் எழுந்தன. இதயம் எழுந்தது. வலது உச்சி பளிச்சென்று இருந்தது. நிழலைக் காணோம்.

ஓடிப்போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் சந்தோஷப்படவில்லை. நெற்றியைச் சுருக்கினார். மூன்று வாரத்தில் இப்படித் துடைத்த மாதிரி போகாது, இரண்டு படத்தில் ஏதோ ஒன்று தப்பு, எது தப்பு என்று தெரியாமல் பிள்ளைகள் நடுவே இருக்கப் போகிறவருக்குக் கையெழுத்துப் போட முடியாது, மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். படத்தை நன்றாகக் கழுவிக் கொண்டுவா என்று என்னை அனுப்பினார்.

படத்தை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது பாடம். திண்டுக்கல்லில் ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, மாற்றி மாற்றி அலச வேண்டும். தொட்டியில் புதுப் படம் மிதந்துகொண்டிருந்தது. பழைய படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் வைத்தேன். வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் ஒரு முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கடைசியில் இன்னார் என்று தெரிந்துகொள்வோமே, அப்படித்தான் தெரிந்தது. அந்த நிழல் நெஞ்சுக்குள் நிற்கவில்லை. காரை எலும்பைத் தாண்டி மேலே கழுத்து வரைக்கும் போனது. நுரையீரல் கழுத்தில் ஏது? கிட்டே போய்ப் பார்த்தால், மேகம் என்று நான் நினைத்ததற்குள் மெல்லிய கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இறங்கின. பின்னல். மடித்துக் கட்டிய சடை.

தண்ணீரை மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். சொன்னால் என் ரெக்கார்டு நோட்டு போய்விடும். பரீட்சை போய்விடும். எங்கள் வீட்டில் அப்பா கிடையாது, என் சம்பளத்தை எதிர்பார்த்து அம்மா காத்திருந்தார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. முருகன் குணப்படுத்திவிட்டார் என்று அவர்கள் நம்பிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அந்த நம்பிக்கையை நான் எதற்குக் கெடுக்க வேண்டும் என்றுகூட ஒரு சாக்கு தோன்றியது. சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் திங்கட்கிழமை வந்துவிடும். அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் என்னைவிட மோசமாக ஆகிவிட்டது. தாளை இழுத்து அந்த நிமிடமே சான்றிதழ் எழுதினார். என் நோட்டில் கையெழுத்து கிடையாது, இன்னும் ஆறு மாதம் இருந்து பயிற்சியை முதலிலிருந்து செய் என்றார். பிறகு சான்றிதழை என் கையில் கொடுத்து, அவர்களிடம் நீயே போய்ச் சொல் என்று கதவைக் காட்டினார்.

வராந்தாவில் இருந்த பெஞ்சின் முன் நின்று எப்படியோ சொல்லி முடித்தேன். உங்கள் மகளுக்கு எப்போதுமே நோய் இல்லை, படத்தில் விழுந்தது அவருடைய சடைதான், எடுத்துக் கட்டச் சொல்லாதது என் தப்பு என்றேன். அந்த அம்மா என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் அவர் கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"அப்ப முருகன் சரியாத்தேன் கேட்டிருக்காரு அப்பு. நெஞ்சுல இல்ல, முடியிலதான இருந்துச்சு? அம்புட்டையும் வாங்கிக்கிட்டாரு."



மகள் சிரிக்கவில்லை. சான்றிதழை இரண்டு முறை படித்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்தப் பழைய படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். சடை எங்கே என்று கேட்டாள், காட்டினேன். விரலை அதன் மேல் வைத்து, ஒவ்வொரு பின்னலாக மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தாள். அவள் அதுவரை போட்டோவே எடுத்துக்கொண்டதில்லையாம். அந்த முடிக்கு இருக்கும் ஒரே படம் இதுதான். இதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிப் படத்தை வெளியே கொடுக்கக் கூடாது. டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். கதவருகில் வந்து நின்றிருந்த அவர் தலையை அசைத்தார்.

படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இரண்டு படி இறங்கியவள் நின்றாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கிக் கட்டியிருப்பேனே, அண்ணே."

திங்கட்கிழமை அவள் சேர்ந்துவிட்டாள் என்று ஆயா மூலம் தெரிந்தது. அதற்குமேல் எதுவும் தெரியாது. நான் ஆறு மாதம் தாமதமாகப் பரீட்சை எழுதி, முப்பத்தைந்து வருடம் அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றேன். எதிரில் வந்து நிற்கிற பெண் யாராக இருந்தாலும் முகத்தைப் பார்த்து, சடையைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்ல ஒரு நாளும் தயங்கியதில்லை. எதிரில் நிற்பவரிடம் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்வதுதான் அவருக்கு நான் தரும் மரியாதை என்று எனக்குப் புரிய வைக்க, ஒரு பெண் தன் முடி முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்ததே என்பதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.